மறுவாழ்வு ஆய்வில் சேரச் சொன்னால்: ஒரு டெய்லரின் அளவு நோட்டிலிருந்து

வத்தலக்குண்டில் முப்பது வருஷமாக டெய்லர் கடை வைத்திருக்கிறேன். ஜென்ட்ஸ் மட்டும். 49 வயதில் ஒரு விடியற்காலை பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் மூன்று மாதத்தில் ஓரளவு வழிக்கு வந்தது. கை வரவில்லை. வலது கை ஓடாத டெய்லரின் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

நாலாவது மாதம், மதுரையில் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்த மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண் வந்து, "அண்ணே, கைக்கு ஒரு ஸ்டடி பண்றோம், சேர்றீங்களா?" என்று கேட்டது. கையில் நாலைந்து தாள், அத்தனையும் ஆங்கிலம். கூடவே ஸ்டாம்ப் பேடு. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். வலது கை எழுதாது என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கைநாட்டு ஆக்கிவிட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லை. இடது பெருவிரலை உருட்டி வைத்துவிட்டு அரப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டேன். எதற்குச் சம்மதித்தேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். அவள் பி.எஸ்ஸி. கணக்கு. "என்னப்பா, படிக்காமலா கையெழுத்துப் போடுவீங்க?" அன்றிலிருந்து அவளும் நானும் உட்கார்ந்து இந்த மறுவாழ்வு ஆய்வு, அதாவது விழுந்த கை காலை மீட்கும் பயிற்சிகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, பற்றிய சமாச்சாரங்களைப் படிக்க ஆரம்பித்தோம். இப்போது கடைக்கு வருகிறவர்களில் யார் வீட்டிலாவது பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, மூளை முடக்குவாதக் குழந்தை என்று இருந்தால் என்னிடம் கேட்கிறார்கள்: ஆய்வு என்று கூப்பிடுகிறார்கள், போகலாமா? ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது பக்கவாதம் என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பெருவிரலை உருட்டும் முன்

இரண்டு தாள் இருக்கும். ஒன்று தகவல் தாள், இன்னொன்று ஒப்புதல் படிவம். முதலில் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். இது தயவு கேட்பது ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே சேருகிறவருக்குப் புரிகிற மொழியில் விவரம் தரவேண்டும் என்று இருக்கிறது. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்க, எல்லாவற்றையும் வாசித்துச் சொன்ன பிறகுதான் ரேகை. எனக்கு அதுவும் நடக்கவில்லை, சாட்சியும் இல்லை. இரண்டாம் தடவை போனபோது தமிழ்த் தாள் கேட்டு வாங்கி, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தமிழ்த் தாளை எடுத்துக் கொடுத்தது என்னவோ அதே பெண்தான். சங்கடப்பட்டுப் போனது, பாவம்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சு வராத எல்லோருக்கும் புரிதல் போய்விடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் மகனிடமே கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டிலில் இருந்தவர் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவரிடம் மெதுவாக, ஒவ்வொன்றாக, ஆம் இல்லை என்று தலையசைக்கும்படி கேட்டிருக்கலாம்.

தகவல் தாளில் நான் விரலை வைத்துத் தேடுவது இவற்றைத்தான். எத்தனை தடவை வரவேண்டும்? பஸ் காசு யார் தருவார்கள்? ஆய்வுக்காக மட்டும் செய்கிற பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வு என்று கூப்பிட்டு அதற்கே பில் போட்டால் எழுந்து வந்துவிடலாம். பயிற்சியில் விழுந்து அடிபட்டால் வைத்தியம் யார் பொறுப்பு? நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று எழுதியிருக்கிறதா? கடைசியாக, நெறிமுறைக் குழுவின், அதாவது ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் குழுவின், போன் நம்பர். ஆய்வு செய்கிறவரின் நம்பர் தனி, இது தனி. அந்த இரண்டாவது நம்பர் இல்லாத தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொரு நம்பரும் கேளுங்கள்: சி.டி.ஆர்.ஐ. பதிவு எண். இந்தியாவில் நடக்கிற மருத்துவ ஆய்வுகளைப் பதிந்துவைக்கும் பட்டியல் அது, 2007இல் தொடங்கியது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறார்கள், எதை அளக்கப்போகிறார்கள், எப்போது அளப்பார்கள் எல்லாம் அதில் முன்கூட்டியே எழுதியிருக்கும். அந்த "முன்கூட்டியே" முக்கியம். துணி வாங்கும்போதே அளவு நோட்டில் எழுதவில்லை என்றால், சட்டை இறுக்கமாகிப் போன பிறகு, "ஸ்லிம் ஃபிட் தானே சார் கேட்டீங்க?" என்று நான் சாதித்துவிடலாம். ஆய்வுக்காரர்களுக்கும் அந்த ஆசை வரும்.

குலுக்கலில் சும்மா பக்கம் விழுந்தால்

ஆய்வில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். என் பெயர் விழுந்தது ஒப்பீட்டுக் குழுவில். புதுப் பயிற்சி கிடையாது, வழக்கமான பிசியோ மட்டும். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து மனைவி சொன்னாள், "லாட்டரியில காசு போனவர் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க." அப்படித்தான் இருந்தது.

இந்த ஏமாற்றத்தை முதலிலேயே எதிர்பார்த்துக்கொண்டு சேருங்கள். ஏன் குலுக்கல் என்பதற்கு என் காலே பதில். மூன்று மாதத்தில் கால் வந்தது என்றேன் அல்லவா? அந்த மூன்று மாதமும் எங்கள் ஊர்ப் பக்கத்து எண்ணெய் வைத்தியம் ஒன்றும் நடந்தது. பிசியோவும் நடந்தது, குலசாமிக்கு நேர்த்தியும் நடந்தது. எதனால் வந்தது? பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் மூளை தானாகவே கொஞ்சம் தேறும், அசைவு திரும்புவதில் பெரும்பங்கு அப்போதுதான் நடக்கும். அந்தக் காலத்தில் எதைக் கொடுத்தாலும் "கொடுத்தேன், குணமானது" என்று சொல்லிக்கொள்ளலாம். அதே மாதிரி ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். பிரிப்பதையும் டாக்டரிடம் விட்டால், ஆர்வமாக இருக்கிற ஆளைப் புதுப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார். அதனால் கம்ப்யூட்டர் குலுக்குகிறது.

நல்ல எண்ணம் தோற்றுப்போகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகமாக எழுப்பி நடக்கவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று உலகமே நம்பியது. அவெர்ட் என்ற ஆய்வில் 5 நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடியும் அதிக நேரமும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஊனம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தவர்கள் அந்தக் குழுவில் 46 சதவீதம், வழக்கமான கவனிப்புக் குழுவில் 50 சதவீதம். 2015இல் இது லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதற்காகப் படுத்தே கிடக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கமான குழுவிலும் பாதிக்கு மேல் ஒரு நாளுக்குள் எழுந்தவர்கள்தான். முதல் நாளிலேயே போட்டு அதிகமாக வாட்டியதில் லாபம் இல்லை, கொஞ்சம் நஷ்டம் என்பதுதான் அதன் சேதி. அந்த 50 சதவீதக் குழுவில் விழுந்தவர்களில் எத்தனை பேர் என்னைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ!

நம் நாட்டு உதாரணமும் இருக்கிறது, அதைப் படித்தபோது எங்கள் வீட்டில் சண்டையே வந்தது. அட்டெண்ட் என்று பெயர். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியனும் ஆஸ்திரேலியக் குழுவினரும் சேர்ந்து இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் நடத்தியது, 1,250 நோயாளிகள். ஒரு குழுவில் வீட்டு ஆள் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போய் அவரே பயிற்சி செய்யவைக்கும்படி அனுப்பினார்கள். மற்றது வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்து, இறந்துபோனவர்களும் பிறரை நம்பி இருந்தவர்களும் சேர்த்து, இந்தப் பக்கம் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்.

மகள் இதை வாசித்ததும் என் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்துவிட்டாள். "அப்போ நான் தினமும் ராத்திரி உங்க விரலைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டதெல்லாம் வீணா?" எனக்குப் பதில் வரவில்லை, மகள்தான் சொன்னாள்: அந்த ஆய்வில் இரண்டு பக்கமும் வீட்டு ஆட்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள் அம்மா, கூடுதலாகக் கொடுத்த அந்தப் பயிற்சிப் பாடம் கூடுதல் பலன் தரவில்லை, அவ்வளவுதான் அது சொல்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி ஆய்வுகளைப் படித்துவிடலாம். "எதோடு ஒப்பிட்டார்கள்?" என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. ஒன்றுமே செய்யாமல் விட்டவர்களோடு ஒப்பிட்டால் எதுவும் ஜெயிக்கும்.

ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. வழக்கமான பிசியோ ஒரு நாளும் குறையாமல் நடக்குமா? ஆய்வு முடிந்து, பயிற்சி பலன் தந்தது என்று தெரிந்தால் எங்களுக்கும் சொல்லித்தருவீர்களா? நான் இரண்டாவதைக் கேட்டபோது "அது யோசிக்கலையே சார்" என்றார்கள். யோசித்து, பிறகு சொல்லியும் தந்தார்கள்.

எந்த டேப்பால் அளந்தார்கள்?

இது என் தொழில், அதனால் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

மறுவாழ்வு ஆய்வில் கையை அளக்க ஃபூகல்-மேயர் என்று ஓர் அளவுகோல் அதிகம் வரும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாவற்றையும் அசைக்கச் சொல்லி 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டு, ஒரு கைக்கு மொத்தம் 66. பார்தெல் என்பது இன்னொன்று. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, படியேறுவது என்று 10 விஷயம், மொத்தம் 100. பார்தெலில் எனக்குக் கடைசியில் 95 கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு என்னால் ஊசியில் நூல் கோக்க முடியாது, கத்தரியைப் பிடிக்க முடியாது. அளவுகோலில் குறையில்லை, அது என் தொழிலை அளக்க வந்ததில்லை. கையை அசைக்க முடிவது ஒன்று, அந்தக் கையால் ஒரு காரியம் செய்து முடிப்பது வேறு. ஓர் ஆய்வு "முன்னேற்றம்" என்று சொன்னால் அந்த இரண்டில் எது என்று பாருங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். ஒரு நகரத்தில் ஒரு தனியார் மையம், ரோபோ வைத்துக் கைக்குப் பயிற்சி, ஒரு மாத பேக்கேஜ் 60 ஆயிரம். "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று நோட்டீஸில் கொட்டை எழுத்து. நகையை எடுத்து வைக்கப் போன மனைவியை மகள் நிறுத்திவிட்டு இரண்டு நாள் தேடினாள். கிடைத்தது ராட்டுல்ஸ் என்ற ஆய்வு. பிரிட்டனில் 770 பேர், 2019இல் லான்செட்டில் வந்தது. ஒரு குழுவுக்கு ரோபோ, ஒரு குழுவுக்கு அதே அளவு நேரம் தெரபிஸ்ட் கையால் தீவிரப் பயிற்சி, மூன்றாவதற்கு வழக்கமானது. 45 நிமிஷம், வாரம் மூன்று நாள், 12 வாரம். காரியம் செய்யும் திறனை அளந்தபோது தேறியவர்கள் ரோபோவில் 44 சதவீதம், தெரபிஸ்ட் பயிற்சியில் 50, வழக்கமானதில் 42. இந்த வித்தியாசங்கள் உறுதியாக ஒன்றைச் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் அதே ஆட்களை ஃபூகல்-மேயரால் அளந்தால் ரோபோ குழு வழக்கமான குழுவை முந்தியது. நோட்டீஸில் இருந்தது எந்த அளவுகோல் என்று நினைக்கிறீர்கள்? நகை பெட்டிக்குத் திரும்பியது. ரோபோவே வீண் என்று நான் சொல்லவில்லை. 60 ஆயிரத்துக்கு எனக்கு வேண்டியது பட்டன் போடுகிற கை. அதை அந்த மையத்துக்காரர்கள் அளந்தே காட்டவில்லை.

அப்புறம், எவ்வளவு மாறினால் மாற்றம்? காலையில் இடுப்பு அளவு எடுத்தவருக்கே மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட பிறகு எடுத்தால் அரை இஞ்ச் கூடும். அதைப் பார்த்து ஆள் குண்டாகிவிட்டார் என்று எந்த டெய்லரும் சொல்ல மாட்டான். ஃபூகல்-மேயரில் கைக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி கூடுவதும் அந்த மாதிரிதான். பக்கவாதம் வந்து நாளானவர்களுக்கு நாலிலிருந்து ஏழு புள்ளி வரை கூடினால்தான் வாழ்க்கையில் ஏதாவது தெரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். "புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது" என்றால் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும்தான் அர்த்தம், அது பெரிது என்று அர்த்தமில்லை. அந்த வரியைப் பார்த்து மயங்காமல் எத்தனை புள்ளி என்று தேடுங்கள்.

யார் அளந்தது என்பதும் உண்டு. மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து நோயாளியையே ஏமாற்றலாம், உடற்பயிற்சியில் அது நடக்காது. செய்தோமா இல்லையா என்று நமக்குத் தெரிந்துவிடும். அதனால் அளக்க வருகிறவருக்காவது எந்தக் குழு என்று தெரியாமல் வைப்பார்கள். எனக்கு அது தெரியாமல், அளக்க வந்த பெண்ணிடம் "எனக்குத்தான் ஒண்ணும் தரலையேம்மா" என்று ஆரம்பித்தேன். அது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லாதீங்கண்ணே, சொல்லாதீங்க!" என்று கத்தியது. வார்டே திரும்பிப் பார்த்தது.

உங்களைப் போன்ற ஆள் அதில் இருக்கிறாரா?

நல்ல கையைக் கட்டிப்போட்டு, விழுந்த கையையே வேலை செய்ய வைக்கும் பயிற்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எக்ஸைட் என்ற அமெரிக்க ஆய்வு, 2006இல் வந்தது, 222 பேர். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்கு உறை மாட்டியிருக்க வேண்டும், தினமும் ஆறு மணி நேரம் வரை பயிற்சி. பலன் நன்றாகவே இருந்தது, ஒரு வருஷம் கழித்தும் நின்றது. இதைப் படித்ததும் நான் இடது கையில் அடுப்படிக் கையுறையை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். சட்டையெல்லாம் சாம்பார்.

மகள் மறுபடி படித்துப் பார்த்தாள். அதில் சேர்த்தது, மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது 10 பாகையாவது நிமிர்த்த முடிந்தவர்களை மட்டும். பக்கவாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இருந்தவர்கள். அப்போது என் கை மூடிய முஷ்டி. எனக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பத்தியை முடிவுக்கு முன்னால் படியுங்கள். வயது, எத்தனை மாதம் ஆயிற்று, எவ்வளவு அசைவு மிச்சம் இருந்தது. பேச்சு போனவர்களையும் ஞாபகம் குறைந்தவர்களையும் பல ஆய்வுகள் விலக்கிவிடுகின்றன.

எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள் என்று எண்ணுவதும் இங்கேதான். ஐப்பசி மழையில் இரண்டு தடவை நான் போகவில்லை. கை தேறியவன் வேலைக்குப் போய்விடுவான், மோசமானவன் படுத்துவிடுவான், நடுவில் இருப்பவன்தான் ஒழுங்காக வருவான். வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கணக்குத் தப்பும். வெட்டக் கொடுத்த பத்து துணியில் கெட்டுப்போன மூன்றை ஒளித்துவைத்துவிட்டு "எல்லாம் அருமையாக வந்தது" என்று சொல்வது போல. நல்ல ஆய்வில், முதலில் எந்தக் குழுவில் விழுந்தார்களோ அந்தக் குழுவிலேயே எல்லோரையும் வைத்துக் கணக்கிட்டிருப்பார்கள்.

தேடுவதற்கு

ஆங்கிலத்தில் பி, இ, டி, ஆர், ஓ என்று தட்டினால் பெட்ரோ என்ற தளம் வரும். 1999இல் ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபிஸ்டுகள் தொடங்கியது, பிசியோதெரபி ஆய்வுகளுக்கென்றே. இலவசம். தளத்தில் தமிழ்ப் பக்கமும் உண்டு, ஆய்வுச் சுருக்கங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். குலுக்கினார்களா, அளந்தவருக்குக் குழு தெரியாதா, எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதற்கெல்லாம் ஒவ்வொரு புள்ளி. மேலே சொன்ன காரணத்தால் உடற்பயிற்சி ஆய்வில் பத்துக்குப் பத்து வருவது அபூர்வம், எட்டு என்றால் நன்றாகச் செய்திருக்கிறார்கள். பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு உங்கள் பிசியோவிடமே பேசுங்கள். என் பிசியோ முதலில் முறைத்தார். இப்போது அவரே கேட்கிறார், "உங்க பொண்ணு ஏதாச்சும் புதுசா படிச்சுச்சா?"

சேருவதோ விலகுவதோ உங்கள் இஷ்டம். எதுவானாலும் உங்களுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். உங்களுக்கு வேண்டிய காரியம் மூன்று எழுதுங்கள், வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்து நேரம் குறியுங்கள். மற்ற நாளில் அளக்காதீர்கள், மனசு கெட்டுப்போகும். என்னுடைய மூன்று: ஆறு பட்டன் சட்டையைப் போடுவது, டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது, சாக்கட்டியால் துணியில் ஒரு முழ நேர்கோடு. முதல் வாரம் பட்டனுக்கு 14 நிமிஷம், மேல் பட்டன் போடவே முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை 4 நிமிஷம் 10 விநாடி. தண்ணீர் சிந்துவதில்லை. கோடு இன்னும் வளைகிறது, கட்டிங் தம்பி பார்த்துக்கொள்கிறான். ஆய்வுக்காரர்களுக்கு போன் போட்டு முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டேன், கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம், வந்ததும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புகிறோம் என்றார்கள். தேதியை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.